வாசித்ததாகக் கொள்வோம்

பியசீலிக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. பிறவிக் குணம் என்பான் அவள் புருஷன் ஜயதிஸ்ஸ. தொழில் பழக்கம் என்பாள் அவள். குருநாகலுக்குப் போகும் வழியில் இருந்த ஆடைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் தரம் பார்க்கும் மேசையில் நின்றவள். கொலரைப் புரட்டு, கைமடிப்பைப் புரட்டு, தையலை இழுத்துப் பார், பிழை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி எறி. வேலையை விட்டு ஆறு வருடமாகியும் கை சும்மா இருக்கவில்லை. மீன்காரன் செவுளைத் தூக்கிக் காட்டுவதற்குள் இவளே விரலை விட்டுப் பார்த்துவிடுவாள். கலியாண வீடொன்றில் மணப்பெண்ணின் சேலைத் தலைப்பைத் திருப்பித் தையலைப் பார்த்து, மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்த கதையும் உண்டு.

இப்படிப்பட்டவள் ஹேனேகம மரண உதவிச் சங்கத்தின் கூட்டத்துக்கு வந்தால் என்ன நடக்கும்? மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, பின்னேரம் மூன்று மணி, விகாரையின் அறநெறிப் பாடசாலை மண்டபம். எல்லோரும் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்க, பியசீலி மட்டும் எழுந்து நிற்பாள். போன சாவு வீட்டுக்கு எத்தனை கதிரை போனது, எத்தனை திரும்பி வந்தது? தேத்தண்ணி அண்டாவின் குழாயை உடைத்தது யார்? உடைத்தவர் பெயர் அறிக்கையில் ஏன் இல்லை? தலைவர் ரணவீர ஓய்வுபெற்ற பள்ளி அதிபர். ஊரில் அவருக்கு இஸ்கோல மஹத்தயா, அதாவது பள்ளிக்கூட ஐயா, என்றுதான் பெயர். தை மாத ஆண்டுக் கூட்டத்தில் அவர் பொறுக்கமாட்டாமல், இவ்வளவு கேட்கிற ஆள் கொஞ்சம் எழுதவும் செய்யட்டும் என்று அவளையே செயலாளராக்கிவிட்டார். எட்டு வருடம் செயலாளராக இருந்த அபேரத்ன, போட்டோகொப்பி கடைக்காரன், சிரித்த முகத்தோடுதான் பதவியை விட்டுக்கொடுத்தான். அந்தச் சிரிப்பையும் அவள் சந்தேகக் கணக்கில்தான் வைத்திருந்தாள்.

அந்த ஊரில் சங்கம் என்றால் அது ஒன்றுதான். ஒரு வீட்டில் சாவு விழுந்தால், ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வந்து சேருமுன் முற்றத்தில் கொட்டகை நிற்கும். சந்தியிலிருந்து வாசல்வரை வெள்ளைக் கொடி கட்டியிருக்கும். அண்டாவில் தண்ணீர் கொதிக்கும். ஆறு பேர் மண்வெட்டியோடு மயானத்துக்குப் போயிருப்பார்கள். கடைக்காரன் வீட்டுக்கும் அதே கொட்டகை, கூலிக்காரன் வீட்டுக்கும் அதே கொட்டகை. அதற்குச் சங்கம் கேட்பது ஒன்றே ஒன்று: மற்றவர் சாவுக்கு நீயும் வர வேண்டும். தொடர்ந்து மூன்று சாவுக்கு வராமலும், வர முடியாது என்று சொல்லி அனுப்பாமலும் இருந்தால் பெயரை வெட்டிவிடுவார்கள். வெட்டப்பட்டவன் வீட்டுச் சாவுக்கு ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகலாம். கொட்டகை வராது, குழி வெட்ட ஆளும் வராது. அப்படி ஒரு சாவு பியசீலி பார்த்ததில்லை. பார்க்க ஆசைப்படவும் இல்லை.

வெசாக் பண்டிகை முடிந்த வாரம் பிசோமெனிக்கே அவள் வீட்டுக்கு வந்தாள். சுதுபண்டாவின் மனைவி. ஆஸ்பத்திரிச் சீட்டுகள் அடைத்த பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள். சுதுபண்டாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, இனி வீட்டில் வைத்துப் பிடித்ததைக் கொடுங்கள் என்று டொக்டர் அனுப்பிவிட்டாராம். வீட்டுக்கு வந்த மனிதன் கேட்ட முதல் விஷயம், சங்கத்துப் புத்தகத்தில் நம் பெயர் இருக்கிறதா, போய்ப் பார்த்துவிட்டு வா என்பதுதான்.

அதற்கென்ன என்று பியசீலி அலுமாரியைத் திறந்து பெயர்ப்பட்டியலை எடுத்தாள். கதிரைக் கணக்கைத் துருவியதில் அதை அதுவரை அவள் திறந்து பார்க்கவில்லை. சுதுபண்டாவின் பெயர் இல்லாமல் பட்டியலே கிடையாது. முப்பது வருடமாக அந்த ஊரின் குழிகளை வெட்டியவன் அவன். மயானத்தில் எங்கே பாறை, எங்கே தோண்டினால் தண்ணீர் ஊறும் என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். அவன் பெயரின் மேல், அடிமட்டம் வைத்து இழுத்த ஒரு சிவப்புக் கோடு இருந்தது. பக்கத்தில் அபேரத்னவின் குண்டுக் கையெழுத்து: மூன்று மரணங்களுக்குச் சமுகமளிக்கவில்லை, அறிவிக்கவும் இல்லை.

"அறிவிச்சோமே" என்றாள் பிசோமெனிக்கே. "அவரை ஆஸ்பத்திரி வாட்டில போட்ட அன்னிக்கே கடிதம் எழுதினார். நான்தான் அபேரத்ன கடையில கொண்டுபோய்க் குடுத்தேன். அவன் கையிலயே குடுத்தேன்."

பியசீலியின் மூக்கு விடைத்தது. அபேரத்னவுக்கும் சுதுபண்டாவுக்கும் வேலியோரப் பலாமரம் யாருடையது என்று ஒரு பழைய சண்டை இருப்பது ஊருக்கே தெரியும்.

பிசோமெனிக்கே அதோடு நிற்கவில்லை. ஆறு மாதமாக ஊரில் தன்னிடம் யாரும் முகம்கொடுத்துப் பேசுவதில்லை, பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் நின்றுகொண்டு வருகிறார்கள் என்றாள். மூன்று வீட்டுச் சாவுக்கு எட்டிப்பார்க்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லியும் அனுப்பவில்லை, அவ்வளவு திமிர் என்று பேச்சாம். ஏனென்று அவளுக்கு அதுவரை விளங்கவில்லை, இப்போது விளங்கியது. பியசீலி தலையைக் குனிந்துகொண்டாள். கிணற்றடியில் அந்தத் திமிர்க் கதையை இரண்டு தடவை அவளும் சொல்லியிருந்தாள்.

"கொட்டகை வராட்டியும் பரவால்ல தங்கச்சி. பாயை விரிச்சு உக்காரலாம். ஆனா சொல்லாமக் கொள்ளாம வராம நின்ன மனுசன்னு பேர் வாங்கிட்டுச் சாகவிடாதீங்க. அதை அவர் தாங்கமாட்டார்."

"யார் செஞ்ச வேலைன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்" என்றாள் பியசீலி.

அன்றைக்கே அவள் இஸ்கோல மஹத்தயாவிடம் போய் அவசரக் கூட்டம் ஒன்றைக் கூட்டச் சொல்லியிருக்கலாம். அது அவளுக்குத் தோன்றவே இல்லை. முதலில் பிழை யாருடையது என்று கண்டுபிடி, பிறகு சட்டையைத் திருத்து. அவள் கற்ற வித்தை அது.

அபேரத்னவின் கடைக்குப் போய்ப் போன வருடத்துக் கூட்டறிக்கைப் புத்தகத்தையும் கடிதக் கோப்பையும் கேட்டாள். பொறுப்பை ஒப்படைக்கும்போது அவற்றை மட்டும் அவன் கொடுக்கவில்லை. அட்டை கிழிந்திருக்கிறது, ஒட்டித் தருகிறேன் என்றிருந்தான். இன்னும் பசை காயவில்லை என்றான் இப்போது. நாலு மாதமாகவா பசை காய்கிறது? அடுத்த முறை போனபோது மேசைச் சாவியைக் காணவில்லை. அதற்கடுத்த முறை கடையே பூட்டிக் கிடந்தது; பின்பக்கத்தில் இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பியசீலி பூட்டிய கதவின் முன் பத்து நிமிடம் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்தாள். புத்தகத்தைப் புதிதாக எழுதுகிறான் என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. கடிதத்தைக் கிழித்திருப்பான், பக்கத்தை மாற்றியிருப்பான். இஸ்கோல மஹத்தயாவுக்கும் இதில் பங்கு இருக்கும், இல்லாவிட்டால் அவர் ஏன் விகாரையில் இவளைக் கண்டதும் செருப்பைத் தேடப் போனார்?

மூன்றாம் வாரம் புத்தகமும் கோப்பும் வந்தன, அதுவும் ஜயதிஸ்ஸவின் கையில். அபேரத்ன கொடுத்தனுப்பினானாம். வந்தவன் வழக்கம்போலக் கதை அளக்காமல் மூலையில் போய் உட்கார்ந்தான்.

"அவன்கிட்ட என்ன பேசின?"

"மழையைப் பத்தி."

"வெயில் இந்த எரி எரியுது. என்ன மழை?"

ஜயதிஸ்ஸ ரேடியோவைத் திருகினான். சொந்தப் புருஷனையும் விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று முடிவு செய்தாள் பியசீலி.

புத்தகத்தை முற்றத்துக்குக் கொண்டுபோய் வெயிலில் வைத்துத் தொழிற்சாலை முறையில் பார்த்தாள். பக்கங்களை எண்ணினாள், குறையவில்லை. தைத்த நூலை நகத்தால் நெம்பிப் பார்த்தாள், பழைய நூல். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். அழித்த தடம் இல்லை, மை மாறவில்லை. கோப்பைத் திறந்தால் ஏழாவது தாளாக சுதுபண்டாவின் கடிதமே இருந்தது. துளை போட்டு, இலக்கமிட்டு, போன ஒக்டோபர் மாதத் திகதி முத்திரையோடு ஒழுங்காக இருந்தது. உண்மையைச் சொன்னால், பியசீலிக்கு ஏமாற்றம்தான். கள்ளன் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நழுவிவிட்டான்.

பிறகு ஒக்டோபர் கூட்டத்தின் அறிக்கையை வாசித்தாள். மூன்றாவது விடயம், கிடைத்த கடிதங்கள். "கடும் மழையும் இடிமுழக்கமும் காரணமாக, கடிதங்களை வாசித்ததாகக் கொள்வோம் என லொக்கு அப்புஹாமி முன்மொழிய, திருமதி பியசீலி வழிமொழிய, ஏகமனதாக நிறைவேறியது."

இரண்டு தடவை வாசித்தாள். ஊரில் வேறு பியசீலி கிடையாது.

அன்றைய மழை ஞாபகத்துக்கு வந்தது. முற்றத்தில் கொப்பரை காயப் போட்டிருந்தாள். மண்டபத்துக் கூரையில் முதல் துளி விழுந்ததுமே அவள் மனம் வீட்டுக்குப் போய்விட்டது. யாரோ எதையோ முன்மொழிந்தார்கள், வழிமொழிய யார் என்று தலைவர் கேட்டார், இவள் கை தானாக உயர்ந்தது. அந்த மண்டபத்தில் வழிமொழிவதற்குக் காது தேவைப்பட்டதே இல்லை. பக்கத்தில் இருப்பவள் முழங்கையால் இடித்தால் போதும். வாசிக்காத கடிதம் யாருக்கும் தெரியாது. தெரியாததால் நவம்பரில் இரண்டு சாவு, டிசம்பரில் ஒன்று, சுதுபண்டா சொல்லாமல் நின்றவனாகிவிட்டான். டிசம்பர் கூட்டத்தில் விதிப்படி சிவப்புக் கோடு, அதையும் யாரும் வாய்விட்டு வாசிக்கவில்லை. முன்மொழிந்த லொக்கு அப்புஹாமியைக் கேட்கலாம் என்றால் அவர் பெப்ரவரியில் போய்ச் சேர்ந்துவிட்டார். இதே சங்கம்தான் புதைத்தது. உயிரோடு மிஞ்சியது ஒரே ஒரு கைதான்.

அவள் கடைக்குப் போனாள். இந்தத் தடவை அபேரத்ன ஒளியவில்லை.

"ஏன் தம்பி மறைச்ச?"

"உங்க பேர் இருக்கேன்னுதான் அக்கா. கூட்டத்துக்குக் கூட்டம் எல்லாரையும் நிக்க வச்சுக் கேள்வி கேக்கிற ஆள் நீங்க. ஊர் கைகொட்டிச் சிரிக்கும். தணிஞ்சதும் தரலாம்னு பாத்தேன்."

"சரி, கடிதத்தை வாங்கின நீயாவது வாசிச்சிருக்கலாமே?"

அபேரத்ன அவளை உண்மையாகவே புரியாமல் பார்த்தான். "வாசிச்சதாத்தானே முடிவு" என்றான்.

பலாமரச் சண்டைக்காரன் தன்னைக் காப்பாற்றத்தான் இத்தனை நாள் கதவைப் பூட்டியிருக்கிறான் என்பதை அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. திட்டாமலேயே வீட்டுக்கு வந்தாள்.

இஸ்கோல மஹத்தயாவிடம் போனாள். அவர் அறிக்கையை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதைப் பெரிதுபடுத்த வேண்டாம், எழுத்துப் பிழை என்று ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதிப் பெயரைத் திரும்பச் சேர்த்துவிடலாம், தான் கையெழுத்திடுகிறேன் என்றார். உங்கள் மரியாதையும் போகாது, சங்கத்தின் மரியாதையும் போகாது. ஜயதிஸ்ஸவும் அதையே சொன்னான். இது தெரிந்தவன் அபேரத்ன ஒருத்தன்தான், அவனே மறைக்கப் பார்த்தான், நீ ஏன் ஊரைக் கூட்டிச் சொல்கிறாய்?

பியசீலிக்குப் பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. இரண்டு நாள் அவள் அந்த எழுத்துப் பிழையை மனதுக்குள் எழுதி எழுதிப் பார்த்தாள், அழகாகத்தான் இருந்தது. கொட்டகை வரும், குழியும் வெட்டுவார்கள். ஆனால் சொல்லாமல் நின்ற மனிதன் என்ற பேச்சு அப்படியே இருக்கும். இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொண்டார்கள் என்று இன்னொரு பேச்சும் சேரும். பிசோமெனிக்கே கேட்டது கொட்டகையை அல்ல. அதோடு, வேறு யாராவது இப்படி ஓரத்தில் குறிப்பு எழுதி மறைத்திருந்தால் தானே அந்தப் பக்கத்தை ஊர்முழுக்கத் தூக்கிக் காட்டியிருப்போம் என்பதும் அவளுக்குத் தெரியும். இரண்டாம் நாள் மாலை பிசோமெனிக்கேவை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வரச் சொல்லி ஆளனுப்பினாள்.

ஜூன் கூட்டத்துக்கு மண்டபம் நிறைந்திருந்தது. என்னவோ நடக்கப்போகிறது என்று மோப்பம் பிடித்து வந்தவர்கள் பாதிப் பேர். பிசோமெனிக்கே கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இரண்டு கதிரை காலி.

பியசீலி ஒக்டோபர் அறிக்கையைத் திறந்தாள். தன் பெயர் வரும் இடத்தில் நிறுத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டு அந்த வரியை மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். முன்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். இரண்டு பெண்கள் காதோடு காது வைத்துப் பேசினார்கள். தலைவர், போதும், அடுத்த விடயத்துக்குப் போவோம் என்றார். அவள் கேட்காததுபோலக் கோப்பிலிருந்து கடிதத்தை எடுத்தாள்.

"செயலாளர் மஹத்தயாவுக்கு. என்னைக் குருநாகல் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். எப்போது விடுவார்கள் என்று தெரியாது. இதற்குள் யாராவது இறந்தால் என்னால் வர முடியாது என்பதைத் தயவுசெய்து எல்லோருக்கும் வாசித்துச் சொல்லவும். மயானத்தின் வடக்குப் பக்கம் இரண்டடியில் பாறை இருக்கிறது. நாகமரத்துப் பக்கமாக வெட்டினால் மண் இளகும். சங்கத்து மண்வெட்டிக்குப் பிடி ஆடுகிறது. அதனால் நான் வீட்டில் தீட்டி வைத்த என்னுடையதை மனைவி கொண்டுவந்து தருவாள். நான் வரும்வரை அதைப் பாவிக்கவும். யார் வீட்டுக் குழி என்றாலும் அதில் என் கையும் இருந்ததாக இருக்கட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. நவம்பரிலும் டிசம்பரிலும் பெப்ரவரியிலும் குழி வெட்டப் போனவர்கள் அங்கேயே இருந்தார்கள். எந்த மண்வெட்டியால் வெட்டினோம் என்று அவர்களுக்கு இப்போதுதான் தெரிந்தது. ஒருவன் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டான்.

பின்னால் பிசோமெனிக்கே எழுந்து நின்றாள். "தினம் கேக்கிறார், மண்வெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தாங்களான்னு" என்றாள். "அவரோடதுன்னு தெரிஞ்சு கொண்டுவந்தா, கடிதத்தைப் படிச்சிட்டாங்கன்னு அர்த்தமாம்."

மண்வெட்டி எங்கே என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடிதத்தோடு வந்ததைச் சங்கத்துக் கொட்டிலில் போட்டேன் என்றான் அபேரத்ன; அங்கே இல்லை என்றார்கள். பார்வை அங்குமிங்கும் அலைந்தது. அவரவர் பக்கத்து ஆளைச் சந்தேகப்பட்டார்கள். கடைசியில் இஸ்கோல மஹத்தயா தொண்டையைச் செருமினார். அது தன் வீட்டில் இருக்கிறது, சங்கத்துப் பொருள் என்று நினைத்து வாழைக்கன்று நட எடுத்துப்போனேன் என்றார். அந்தக் கம்பீரமான குரல் அவரிடமிருந்து அப்படிச் சிறுத்து வந்ததை ஊர் அதற்குமுன் கேட்டதில்லை. பியசீலி தலை நிமிராமல் அதையும் எழுதிக்கொண்டாள், பெயரோடு.

சுதுபண்டாவின் பெயரைத் திரும்பச் சேர்க்கும் தீர்மானம் வந்தபோது, வழிமொழிய இருந்த கிழவர் பாதியில் கையை நிறுத்தி, தீர்மானத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தாள். அதன் பிறகே கைகள் உயர்ந்தன. தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்துவிட்டு மூன்று பெண்கள் பிசோமெனிக்கேவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

மறுநாள் காலை பியசீலி இஸ்கோல மஹத்தயா வீட்டிலிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டு சுதுபண்டாவின் வீட்டுக்குப் போனாள். ஜன்னலோரக் கட்டிலில் வீங்கிய காலை நீட்டிப் படுத்திருந்தான். பிசோமெனிக்கே நேற்று நடந்ததையெல்லாம் சொல்லியிருப்பாள் என்று நினைத்துத்தான் வந்தாள். அவன் மண்வெட்டியைக் கண்டதும் முகம் மலர்ந்து, கடிதத்தைப் படிச்சிட்டீங்களா என்றான். பிறகு, ஏன் இத்தனை நாள் படிக்கவில்லை என்று கேட்டான்.

பியசீலி வாசலில் நின்ற பிசோமெனிக்கேவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணை எடுக்காமல் நின்றாள். சொல்லவில்லை, சொல்ல வேண்டியவள் வந்து சொல்லட்டும் என்று விட்டிருக்கிறாள்.

"படிக்க வேணாம்னு கை தூக்கினது நான்தான் அண்ணே. மழை வந்துச்சு. வீட்டுக்கு ஓடணும்னு இருந்துச்சு. என்ன முடிவுன்னே நான் கேக்கல."

சுதுபண்டா கையை நீட்டினான். மண்வெட்டியை மடியில் வாங்கிப் பெருவிரலால் அதன் விளிம்பை மெதுவாகத் தடவிக்கொண்டே போனான். ஓரிடத்தில் விரல் நின்றது.

"கல்லுல போட்டிருக்காங்க" என்றான். "வாய் மழுங்கிப் போச்சு." அவள் பக்கம் அதை நீட்டினான். "தீட்டி வைக்கச் சொல்லுங்க தங்கச்சி. சீக்கிரம் வேணும்."

பியசீலி இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள்.